கேட்காமல் வந்த வரியும் நாம் கேட்க வேண்டிய சட்டமும்

2019 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எனது லொறிக்கு வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் போயிருந்தேன். வழமையான கட்டணத்தோடு 'காபன் வரி' என்று புதிதாக ஒரு தொகையையும் சேர்த்துக் கேட்டார்கள். "இது என்ன வரி?" என்று கேட்டேன். "புகைக்கு முதலாளி, புகைக்கு" என்று சொல்லிவிட்டு, அந்த அலுவலர் அடுத்தவரைக் கூப்பிட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே வந்து தேநீர்க் கடையில் இருந்து, இனி மூச்சு விடுவதற்கும் வரி போடுவார்கள் என்று எல்லோரும் பேசிக் கொண்டோம்.

அடுத்த வருடம் போனபோது அந்த வரி இல்லை. 2019 நவம்பரில் ஆட்சி மாறியதைத் தொடர்ந்து வந்த வரிக் குறைப்புகளோடு அதுவும் போய்விட்டது. மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்த மகிழ்ச்சியைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

இது வியாபாரப் பத்தி. காலநிலை மாற்றம், காபன் என்பதெல்லாம் படித்தவர்கள் மாநாட்டு மண்டபங்களில் பேசும் விடயங்கள்தானே, இவர் ஏன் இதற்குள் வருகிறார் என்று சில வாசகர்கள் நினைக்கலாம். எனது கடன் கொப்பிதான் என்னை இதற்குள் இழுத்து வந்தது.

கடன் கொப்பி சொல்லும் கதை

றொசல்ல, வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில் ரயில் பாதையிலும் ஹட்டன் வீதியிலும் அமைந்த சிறிய ஊர். பக்கத்து வட்டவளை இலங்கையிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. எனது வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் தோட்டத்து மக்கள். அவர்கள் மாதம் முழுவதும் கொப்பியில் எழுதி எடுப்பார்கள், சம்பளம் வந்ததும் தருவார்கள். என் வாப்பா காலத்திலும் இப்படித்தான், இப்போதும் இப்படித்தான். இந்த வியாபாரத்தின் ஆணிவேர் அந்தக் கொப்பி. அந்தக் கொப்பியின் ஆணிவேர் கொழுந்து. கொழுந்து இருந்தால் பேர் உண்டு. பேர் இருந்தால் சம்பளம் உண்டு. சம்பளம் இருந்தால் எனக்குப் பணம் வரும், நானும் புறக்கோட்டை மொத்த வியாபாரிக்குக் கொடுத்த செக் திரும்பாமல் இருக்கும்.

வெயில் காய்ந்து கொழுந்து குறைந்தால் வேலை நாட்கள் குறைகின்றன. மழை அளவு மீறினால் மலைக்குப் போக முடியாது. முன்பெல்லாம் இது இன்ன மாதத்தில் வரும் என்று கணக்கு வைத்திருந்தோம். அந்தக் கணக்குப்படிதான் அரிசியும் மாவும் இறக்கினோம். இப்போது அந்தக் கணக்குப் பிழைத்துப் போகிறது.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நாடு முழுவதும் 600 க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்து குடும்பங்கள் குடும்பங்களாகப் புதைந்தன. மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. உயிரிழப்புக்கு முன்னால் வியாபார நட்டத்தைப் பேசுவது அழகல்ல. ஆனாலும் பேச வேண்டிய இடத்தில் பேசத்தான் வேண்டும். லொறி வரவில்லை. இருந்த சாமான்களைக் கொப்பி பாராமல் கொடுத்தோம். அது எமது கடமை. அதன் பின் பல வாரங்கள் பழைய கடனைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டை இழந்தவனிடம் பருப்புக் கடனை எப்படிக் கேட்பது? ஆனால் என்னுடைய செக்கை வைத்திருந்தவர் என்னிடம் கேட்கத்தான் செய்தார். அவரிலும் குற்றமில்லை, அவருக்கும் ஒருவர் செக் வைத்திருப்பார்.

2014 ஒக்டோபரில் கொஸ்லந்த மீரியபெத்த, 2016 மே மாதம் அரநாயக்க, 2025 இல் மலையகம் முழுவதும். கடல் சூடேற, காற்று அதிக ஈரத்தைச் சுமக்க, பெய்ய வேண்டிய மழை ஒரே மூச்சில் கொட்டுகிறது என்று விஞ்ஞானிகள் விளக்குகிறார்கள். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வரும் காபனீரொட்சைட்டு வாயு பூமியின் மேல் ஒரு போர்வைபோல் தங்கி வெப்பத்தைப் பிடித்து வைப்பதே இதற்கு அடிப்படை. ஒவ்வொரு சரிவுக்கும் இதுதான் ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. கான் வெட்டாத வீதியும், சரிவில் கட்டிய லயமும், கேட்காமல் விட்ட எச்சரிக்கையும் காரணங்கள்தான். ஆனால் மலை ஏற்கனவே பலவீனமாக இருக்கும்போது மழையின் பலம் கூடினால் என்ன ஆகும் என்பதைப் புரிந்து கொள்ளப் பட்டப்படிப்புத் தேவையில்லை.

நிறுவைத் தராசில் ஏறாத சுமை

வியாபாரி என்ற முறையில் ஒன்றைக் கேட்கிறேன். ஒரு லீற்றர் டீசல் வாங்கும்போது எண்ணெயின் விலை, கப்பல் கூலி, சுங்க வரி, வற் வரி எல்லாம் அதில் சேர்கிறது. அதை எரிப்பதால் வேறொருவருடைய கூரைக்கும் நிலத்துக்கும் வரும் சேதம் அந்த விலையில் சேர்கிறதா? இல்லை. அந்தச் செலவை யார் கட்டுகிறார்கள்? லயத்தில் இருப்பவர் கட்டுகிறார். சிறு கடைக்காரர் கட்டுகிறார்.

அளவையிலும் நிறுவையிலும் குறை வைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று சிறு வயதிலேயே எமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். விலையில் இருந்து ஒரு செலவை மறைத்து அதை அயலவன் தலையில் கட்டுவதும் அந்த வகையைச் சேர்ந்தது என்பது எனது தாழ்மையான அபிப்பிராயம். 2015 ஆகஸ்டில் இஸ்தான்புல் நகரில் முஸ்லிம் அறிஞர்கள் கூடி காலநிலை பற்றி ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். இலாபம் சம்பாதிக்கும்போது ஏற்படும் விளைவுகளின் பொறுப்பையும் வர்த்தகத் துறை சுமக்க வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்கள். அந்தப் பணியில் முன்னின்ற பஸ்லுன் காலித் அவர்கள் இலங்கையில் பிறந்து பிரித்தானியாவில் குடியேறியவர் என்பது எமக்குப் பெருமை.

மறைந்த செலவை விலையில் ஏற்றுவதற்குப் பெயர்தான் காபன் விலை. அதை வரியாகவும் அறவிடலாம், வேறு முறைகளும் உண்டு. சுவீடன் 1991 இலேயே தொடங்கியது. சிங்கப்பூர் 2019 இல் தொன்னுக்கு 5 டொலர் என்று தொடங்கி, 2024 இல் 25, 2026 இல் 45 என்று முன்கூட்டியே அறிவித்து உயர்த்தியது. முன்கூட்டியே அறிவித்தது என்பதைக் கவனியுங்கள். அது வியாபாரிக்கு மிக முக்கியம்.

எவ்வளவு என்று பயப்படுபவர்களுக்காக ஒரு கணக்கு. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வரும். தொன்னுக்கு 1,000 ரூபா என்று விலை வைத்தால் லீற்றருக்கு 2 ரூபா 70 சதம். எனது லொறி கொழும்புக்குப் போய்வர ஏறத்தாழ 50 லீற்றர் டீசல் குடிக்கும். அதற்கு 135 ரூபா. லொறியில் 3,000 கிலோ சாமான் வந்தால் கிலோவுக்கு நாலரைச் சதம். தொகையை மூன்று மடங்காக்கினாலும் கிலோவுக்குப் பதினான்கு சதத்தைத் தொடாது. வீதி மூடி லொறி ஒரு நாள் நடுவழியில் நின்றால் சாரதிக்கும் உதவியாளுக்கும் சாப்பாட்டுக்கே இதைவிடப் பல மடங்கு போகும்.

2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் 2022 ஜூனில் 460 ரூபாவானது. அதைத் தாங்கினோம். தாங்கியதற்கு எமக்கு ஒரு கான்கூடக் கட்டித் தரப்படவில்லை.

மேலிருந்து வந்தவை நிலைக்கவில்லை

அப்படியானால் 2019 இல் வந்த வரியை ஏன் நாம் விரும்பவில்லை? அந்த வரியின் கதையைச் சற்றுப் பார்ப்போம். 2017 நவம்பரில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர வரவு செலவுத் திட்டத்தில் அதை முன்வைத்தார். மோட்டார் சைக்கிளுக்கு நாளொன்றுக்கு 17 சதம், காருக்கு 1 ரூபா 78 சதம், பஸ்ஸுக்கு 2 ரூபா 74 சதம் என்று கணக்குச் சொன்னார். 2018 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் மூலம் அது சட்டமாகி, 2019 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. எஞ்சினின் அளவு, எரிபொருளின் வகை, வாகனத்தின் வயது ஆகியவற்றைப் பார்த்துத் தொகை நிர்ணயிக்கப்பட்டது. பழைய வாகனத்துக்குக் கூடுதல், ஹைபிரிட் வாகனத்துக்குக் குறைவு.

யோசனையில் தவறில்லை. ஆனால் முறையில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, ஓடிய தூரத்துக்கும் வரிக்கும் சம்பந்தமில்லை. வருடம் முழுவதும் ஓடும் வண்டியும் கராஜில் நிற்கும் வண்டியும் ஒரே தொகை கட்டின. இரண்டாவது இதைவிடப் பெரியது: அந்த வரியை யாரும் கேட்கவில்லை. தோட்டத்தில் கேட்கவில்லை, கடைத்தெருவில் கேட்கவில்லை, பள்ளிவாசலில், பன்சலையில், கோவிலில், தேவாலயத்தில் எவரும் கேட்கவில்லை. வசூலான பணம் எந்தச் சரிவுக்கு, எந்தக் கானுக்குப் போனது என்று எமக்கு யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. கேட்காமல் வந்ததால் போகும்போது தடுக்கவும் ஆளில்லை.

2021 இல் நடந்ததையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். இரசாயன உர இறக்குமதிக்கு ஒரே இரவில் தடை வந்தது. சுற்றாடலின் பெயரால்தான் வந்தது. விவசாயியையோ தேயிலைக்காரரையோ கலந்து பேசவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது, ஆனால் சேதம் நடந்து முடிந்திருந்தது. 2021 இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் ஏறத்தாழ 250 மில்லியன் கிலோவாக வீழ்ந்தது. எரிபொருள் இல்லாததும் பொருளாதார நெருக்கடியும் அதில் சேர்ந்தன என்றாலும், உரமில்லாத செடி கொழுந்து தராது என்பது எமது கொப்பிகளில் பதிவாகியிருக்கிறது.

இந்த இரண்டு அனுபவங்களாலும் 'பச்சைச் சட்டம்' என்றாலே எமது மக்கள் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் பயத்தின் முடிவு 'சட்டமே வேண்டாம்' என்பதாக இருந்தால் நட்டம் எமக்கே. சட்டம் வரும்போது எமது நிபந்தனைகளும் அதற்குள் இருக்க வேண்டும். அதற்கு நாம் முந்திக் கேட்க வேண்டும்.

கீழிருந்து எழுந்த குரல்கள்

கேட்டால் நடக்குமா என்ற கேள்விக்கு எமது மலையிலேயே பதில் இருக்கிறது. களனி கங்கையின் கிளை ஆறுகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918 இல் கட்டுரை எழுதி வாசித்தார் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அன்றைய ஆட்சியாளர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவர் விடவில்லை. அரச சேவையை விட்ட பின் 1931 இல் இரத்தினபுரித் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குள்ளேயே போய், அதே விடயத்தைப் பேசிக் கொண்டிருந்தார். லக்ஷபான திட்டத்தின் முதற்கட்டம் 1950 இல் மின்சாரம் தந்தது. கட்டுரைக்கும் மின்சாரத்துக்கும் இடையில் 32 வருடங்கள். இன்று நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் போனால் அவருடைய பெயரில் ஒரு மின்நிலையமே இருக்கிறது. ஒரு மனிதர் ஒரே கோரிக்கையைத் திரும்பத் திரும்ப, உரிய இடத்தில், உரிய கணக்கோடு கேட்டதன் பலனை நாம் சுவிட்ச் போடும்போதெல்லாம் அனுபவிக்கிறோம்.

இன்னொன்று திருகோணமலை மாவட்டத்தின் சம்பூர். அங்கே இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டத் திட்டம் இருந்தது. ஊர் மக்கள் எதிர்த்தார்கள். சுற்றாடல் அமைப்பொன்று உயர் நீதிமன்றம் சென்றது. 2016 செப்டெம்பரில், அந்தத் திட்டத்தை முன்னெடுக்கப் போவதில்லை என்று அரசாங்கத் தரப்பு நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்துக்கு ஆரம்ப விழா நடந்தது.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் சொல்கிறேன். ஏனென்றால் அதைத் தொடங்கியவர் எம்மைப் போல் ஒரு வியாபாரி. அமெரிக்காவின் சான் டியேகோ பகுதியில் காணி, கட்டட வியாபாரம் செய்தவர் மார்ஷல் சோண்டர்ஸ். அதற்கு முன் ஏழைகளுக்குச் சிறுகடன் கிடைக்கப் பாடுபட்டவர். காலநிலை பற்றி ஊர் ஊராகப் பேசி, மின்குமிழை மாற்றுங்கள் என்று சொல்லிக் கொண்டிருந்தார். பின்னர் ஒரு விடயம் அவருக்கு உறைத்தது. ஆயிரம் பேர் மின்குமிழை மாற்றிச் சேமிப்பதைச் சட்டமன்றம் ஒரே வாக்கெடுப்பில் அள்ளிக் கொட்டிவிட முடியும். ஆகவே சட்டம் செய்பவர்களிடம்தான் போக வேண்டும் என்று 2007 இல் 'சிட்டிசன்ஸ் கிளைமேட் லொபி' என்ற தொண்டர் அமைப்பைத் தொடங்கினார்.

அவர்களுடைய வழி எளிமையானது. சம்பளம் வாங்காத சாதாரண மக்கள் ஊருக்கு ஊர் சிறு குழுவாகச் சேர்கிறார்கள். மாதம் ஒரு முறை கூடுகிறார்கள். பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறார்கள். தங்கள் பிரதிநிதியை நேரில் சந்திக்கிறார்கள். எந்தக் கட்சி என்று பார்ப்பதில்லை. சந்திப்பின் தொடக்கத்தில் அவர் செய்த ஒரு நல்ல காரியத்துக்கு நன்றி சொல்கிறார்கள். பிறகுதான் கோரிக்கை. பல வருடங்களாக அவர்களுடைய முக்கிய கோரிக்கை இது: எரிபொருள் நிலத்திலிருந்து அல்லது துறைமுகத்திலிருந்து நாட்டுக்குள் வரும் இடத்திலேயே காபன் கட்டணம் அறவிடுங்கள், வசூலாவதை மக்களுக்கே சமமாகப் பங்கிட்டுக் கொடுங்கள். குறைவாக எரிப்பவர் கட்டுவதைவிடக் கூடப் பெறுவார். 2018 நவம்பரில் இந்த யோசனையோடு அமெரிக்கக் காங்கிரசில் இரு கட்சியினரும் சேர்ந்து ஒரு சட்டமூலம் கொண்டு வந்தார்கள். அது நிறைவேறவில்லை. சோண்டர்ஸ் 2019 இல் காலமானார். தொண்டர்கள் வேலையை விடவில்லை.

கனடாவில் நடந்ததிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2019 ஏப்ரலில் மத்திய அரசு எரிபொருளுக்குக் காபன் கட்டணம் விதித்து, பெரும் பகுதியைக் குடும்பங்களின் வங்கிக் கணக்குக்கே திருப்பிக் கொடுத்தது. ஆனால் பணம் வந்தது எதற்கென்றே பலருக்குத் தெரியவில்லை. எண்ணெய் நிரப்பும்போது கட்டணம் கண்ணில் பட்டது, திரும்பி வந்தது கண்ணில் படவில்லை. 2025 ஏப்ரல் முதலாம் திகதியோடு பாவனையாளர் கட்டணத்தைக் கைவிட்டார்கள். வாடிக்கையாளருக்குக் கழிவு கொடுத்தால் அதைப் பில்லில் எழுதிக் காட்ட வேண்டும் என்பது எந்தச் சில்லறைக் கடைக்காரருக்கும் தெரியும்.

நியாயமான ஆட்சேபங்கள்

இதைப் பற்றி ஹட்டனில் மூத்த வியாபாரி ஒருவரிடம் பேசினேன். "நானா, உலகம் முழுக்கப் புகை விடுறவன் யாரோ, நாம ஏன் கட்டணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. உலகின் மொத்தக் காபன் வெளியேற்றத்தில் இலங்கையின் பங்கு ஒரு வீதத்தின் பத்தில் ஒன்றைக்கூட எட்டாது. பெரிய நாடுகள் எமக்கு நட்டஈடு தர வேண்டும் என்று கேட்பதும் நியாயம்தான். ஆனால் உலகச் சந்தை எமக்காகக் காத்திருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் சீமெந்து, இரும்பு, அலுமினியம், உரம் போன்ற இறக்குமதிகளுக்கு எல்லையிலேயே காபன் கட்டணம் கணக்கிடத் தொடங்கியிருக்கிறது. தேயிலை அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியல் இப்படியே இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவார்? உற்பத்தி செய்த நாட்டிலேயே காபன் விலை கட்டியிருந்தால் அதைக் கழித்துத்தான் அங்கே கணக்குப் பார்க்கிறார்கள். வேறொரு நாட்டின் கல்லாவில் விழும் பணம் எமது நாட்டிலேயே விழுந்தால் எமது மலைக்காவது உதவும்.

அவர் இரண்டாவதாகக் கேட்டது கடினமானது. "கட்டினாலும் அந்தக் காசு மலைக்கா வரப்போகுது?" இதற்கு என்னிடம் இனிப்பான பதில் இல்லை. அதனால்தான் வரியை மட்டும் கேட்கக் கூடாது, சட்டத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்கிறேன். எமது நாட்டில் காலநிலை பற்றிய தேசியக் கொள்கை 2012 இலேயே வந்தது. பாரிஸ் உடன்படிக்கையை 2016 இல் ஏற்றோம். 2030 இல் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்கும் என்றும் 2050 இல் காபன் சமநிலை என்றும் உலகத்துக்கு வாக்களித்தோம். கொள்கை என்பது ஒருவர் வாயால் கொடுக்கும் வாக்கு. சட்டம் என்பது கையெழுத்திட்ட செக். திரும்பினால் வழக்குப் போடலாம்.

மூன்றாவது ஆட்சேபத்தை அவர் மெதுவாகச் சொன்னார். "நாம முஸ்லிம் வியாபாரிங்க. முன்னுக்குப் போய் நின்றா வேற கதை கட்டுவாங்க. நமக்கு எதுக்கு?" இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் தெரியும், வாசகர்களுக்கும் தெரியும். ஆனால் இதை நாம் தனியாகச் செய்யத் தேவையில்லை, தனியாகச் செய்யவும் கூடாது. பக்கத்துக் கடை சிங்கள முதலாளிக்கும், எதிர்க் கடை தமிழ் முதலாளிக்கும் அதே வீதி, அதே கொப்பி, அதே செக். மண்சரிவு யாருடைய கடை என்று பெயர்ப்பலகையைப் பார்த்து வருவதில்லை. டித்வாவின்போது ஒரே பானையில் சமைத்துக் கொடுத்தோமே, அதே ஆட்கள் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்தால் எவரும் கதை கட்ட முடியாது.

எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

எனது யோசனை மூன்று கோரிக்கைகள் மட்டும். அதிகம் கேட்டால் எதுவும் நடக்காது.

முதலாவது, காலநிலைக்கென்று ஒரு சட்டம். அதில் மண்சரிவு அபாயப் பகுதிகளில் கான், தடுப்புச் சுவர், குடியிருப்பு மாற்றம் ஆகியவற்றை யார், எத்தனை வருடத்தில் செய்ய வேண்டும் என்ற கடமை எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது, எரிபொருளுக்கு ஏற்கனவே நாம் கட்டும் வரிகளுக்குள்ளேயே ஒரு பகுதியைக் காபன் கட்டணம் என்று பெயரிட்டுத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். கூட்டுவதாக இருந்தால் அடுத்த ஐந்து வருடத்துக்கான தொகையை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். திடீர் விலைதான் வியாபாரியைக் கொல்வது. தெரிந்த விலைக்கு ஏற்றபடி நாம் நடந்து கொள்வோம்.

மூன்றாவது, அந்தக் கணக்கில் ஒரு பங்கு தோட்டத்துக் குடும்பங்களுக்கும் குறைந்த வருமானக்காரருக்கும் நேரடியாகத் திரும்ப வேண்டும். எவ்வளவு வந்தது, எங்கே போனது என்பது வருடந்தோறும் மூன்று மொழிகளிலும் வெளிவர வேண்டும். வாகனம் இல்லாத குடும்பமும் பஸ் கட்டணத்திலும் அரிசி விலையிலும் இந்தக் கட்டணத்தைச் சுமக்கும். அவர்களுக்குத் திரும்பாத காபன் வரி அநியாய வரி. அப்படிப்பட்ட ஒன்று வந்தால் அதை எதிர்த்து முதலில் எழுதுபவன் நானாக இருப்பேன்.

வழிகள் ஏற்கனவே திறந்திருக்கின்றன. நுவரெலியா மாவட்டத்துக்கு எட்டுப் பாராளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். எட்டுப் பேரையும் சந்திக்கலாம். ஒருவரை மட்டும் சந்தித்தால் அது கட்சி வேலையாகிவிடும். உறுப்பினர் ஒருவர் மூலம் பாராளுமன்றத்தின் பொதுமனுக்கள் பற்றிய குழுவுக்கு மனுக் கொடுக்கலாம். வரவு செலவுத் திட்டத்துக்கு முன் நிதியமைச்சு பொதுமக்களிடம் யோசனைகள் கேட்கும்போது, வாகன இறக்குமதிக்காரர்கள் எழுதுகிறார்கள், பெரிய கம்பனிகள் எழுதுகின்றன. ஒரு தபால் உறையின் செலவில் நாமும் எழுதலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் எமது கையில் இருக்கிறது.

இதற்கு வெளிநாட்டு அமைப்பின் கிளையும் வேண்டாம், நன்கொடைப் புத்தகமும் வேண்டாம். ஒரு கடைத்தெருவுக்கு ஐந்து பேர், மாதத்தில் ஒரு மணித்தியாலம், ஒரு கடிதம். கடையை மூடிய பின் செய்யலாம். பேசும்போது கோபப்படாமல், கணக்கோடு பேச வேண்டும். புறக்கோட்டையில் விலை பேசத் தெரிந்த எமக்கு ஓர் அரசியல்வாதியோடு பேசுவது பெரிய காரியமல்ல.

சொல்வதோடு நிற்கக் கூடாது என்பதற்காக நானும் ஒன்று செய்திருக்கிறேன். 2019 ஆம் ஆண்டில் காபன் வரியாக நாட்டில் மொத்தம் எவ்வளவு அறவிடப்பட்டது, அது எதற்குச் செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அந்த மூத்த வியாபாரியிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். பிறகு "பதில் வந்தா எனக்கும் ஒரு பிரதி தாங்க நானா" என்றார். அவரை எங்களுடைய ஐவரில் ஒருவராக எண்ணிக் கொண்டேன். அவருக்கு இன்னும் தெரியாது.

பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவல் தருவார்களா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். பதில் வந்தால் அதையும், வராவிட்டால் வரவில்லை என்பதையும் இதே பத்தியில் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ். அதற்கிடையில் உங்கள் கடைத்தெருவில் மற்ற நால்வர் யார் என்று பார்த்து வையுங்கள்.